விரலின் ஈடு

தேயிலைக் கொழுந்தைக் கிள்ளுபவை பெருவிரலும் சுட்டுவிரலும். நீலகிரியின் குன்னூர்த் தோட்டமொன்றில் சுட்டுவிரலை இழக்கும் பெண் எதை இழக்கிறார்? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், முதலாளியின் தவறை மெய்ப்பிக்கக் கேட்காமல், உழைப்புத் திறனின் இழப்பை அளந்தது. பின்னர்த் திருத்தம் பெற்ற அதன் அட்டவணையில் பெருவிரலுக்கு 30 சதவீதம், சுட்டுவிரலுக்கு 14, நடுவிரலுக்கு 12.

ஃபிக்ஹு கூறும் தியத்தோ காயப்படுத்தியவர் தரும் ஈடு. இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பின்படி விரல்கள் அனைத்தும் சமம். ஒவ்வொன்றுக்கும் பத்து ஒட்டகங்கள். அது உடலின் மதிப்பு. சட்டத்தினுடையது கூலியின் மதிப்பு. கூலியை அளப்பதாயின் தொழிலைப் பார்த்தன்றோ அளக்க வேண்டும்? எழுத்தருக்கும் கொழுந்து பறிப்பவருக்கும் ஒரே 14 என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

1975இல் உச்ச நீதிமன்றம், இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சர் ஒருவரை, இனித் தச்சு வேலை செய்ய இயலாதவர் என்பதால் முழு ஊனமுற்றவராகவே ஏற்றது. அத்தீர்ப்பைக் காட்டி வழக்காடும் வழி கொழுந்து பறிப்பவருக்கும் திறந்தது.