ரேடியோ அலை அடையாள முறை: வகைகளும் தேர்வும்

ரேடியோ அலை அடையாள முறை (ஆர்.எஃப்.ஐ.டி.) என்பது பொருள், விலங்கு, ஊர்தி ஆகியவற்றில் பொருத்திய சில்லின் எண்ணைத் தொடாமலே படித்தறியும் நுட்பம். சில்லும் ஆன்டெனாவும் சேர்ந்தது டேக். அதைப் படிப்பது ரீடர். பெரும்பாலான டேக்குகளில் மின்கலம் இல்லை. ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே ஆற்றல் பெறுகின்றன.

வரலாறு

இரண்டாம் உலகப் போரில் தம் விமானத்தையும் பகை விமானத்தையும் பிரித்தறியப் பிரிட்டன் கையாண்ட கருவிகளே இதன் முன்னோடி. தெறித்துத் திரும்பும் அலையிலேயே செய்தி அனுப்பலாம் என விளக்கிய ஹாரி ஸ்டாக்மனின் 1948ஆம் ஆண்டுக் கட்டுரை இத்துறைக்கு அடித்தளம் இட்டது. 1960களில் கடைத்திருட்டைத் தடுக்கும் எளிய டேக்குகள் வந்தன. 1973இல் மாரியோ கார்டுல்லோ நினைவகமுள்ள டேக்குக்கும், சார்லஸ் வால்டன் கதவு திறக்கும் அட்டைக்கும் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். 1999இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய ஆட்டோ-ஐடி மையம் சரக்குகளுக்கான மின்னணுக் குறியீட்டை வளர்த்தது.

வகைப்பாடு

*தாழ் அதிர்வெண்* (125–134 கிலோஹெர்ட்ஸ்): காந்தப்புலத்தால் இயங்கும், எட்டும் தொலைவு குறைவு. நீரும் தசையும் இதைத் தடுப்பதில்லை என்பதால், கால்நடைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் இதுவே ஏற்றது. விலங்கு டேக்குகளுக்கான ஐ.எஸ்.ஓ. 11784, 11785 தரங்கள் 134.2 கிலோஹெர்ட்ஸை வகுத்துள்ளன.

*உயர் அதிர்வெண்* (13.56 மெகாஹெர்ட்ஸ்): இதில் இரு தரங்கள் முக்கியமானவை. ஐ.எஸ்.ஓ. 14443 ஏறத்தாழ 10 செ.மீ. எட்டும், மின்னணுக் கடவுச்சீட்டு, பயண அட்டைகளுக்கு உரியது. ஐ.எஸ்.ஓ. 15693 ஏறத்தாழ ஒரு மீட்டர் எட்டும். நூலக நூல்களுக்குப் பொருந்தும்.

*மீயுயர் அதிர்வெண்* (860–960 மெகாஹெர்ட்ஸ்): பல மீட்டர் தொலைவிலிருந்து பல டேக்குகளை ஒரே வீச்சில் படிக்கும். துணிக்கடை, கிடங்கு, சுங்கச்சாவடி இதன் களங்கள். நீர் இவ்வலையை உறிஞ்சும். உலோகம் தெறிக்கச் செய்யும். ஆகவே உலோகப் பரப்புக்குத் தனி டேக் வேண்டும். அனுமதித்த அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும்: இந்தியாவில் 865–868, அமெரிக்காவில் 902–928 மெகாஹெர்ட்ஸ்.

*மின்கலமுள்ளவை:* பல பத்து மீட்டரும் அதற்கு மேலும் எட்டும். விலை கூடியவை, கப்பல் சரக்குப் பெட்டிகளுக்குப் பயன்படுகின்றன.

தேர்வு

தொலைவை மட்டும் பார்த்துத் தேர்வது தவறு. டேக் ஒட்டும் பொருள், ஒரே நேரத்தில் படிக்க வேண்டிய எண்ணிக்கை, டேக்கின் விலை, நாட்டின் அலைவரிசை விதி ஆகிய நான்கையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். பணமும் அடையாளமும் கைமாறும் இடத்தில் குறைந்த தொலைவு நன்மையே. ஆயினும் அதுவே முழுக் காப்பாகாது. 2008இல் மைஃபேர் கிளாசிக் என்ற உயர் அதிர்வெண் அட்டையின் மறையாக்கம் உடைக்கப்பட்டதிலிருந்து வலுவான மறையாக்கமும் தேர்வின் கட்டாய அளவுகோலாயிற்று.

இன்றைய நிலை

மீயுயர் அதிர்வெண்ணில் இயங்கும் சுங்கக் கட்டண டேக்கான ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரி முதல் இந்தியத் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டாயமாகியுள்ளது.