ஐசி இல்லாத செல்

தேக்காவில் டௌன்டவுன் லைன் ஏறி, பொட்டானிக் கார்டன்ஸில் சர்க்கிள் லைனுக்கு மாறினால் ஐந்தாவது நிறுத்தம் கெண்ட் ரிட்ஜ். மேலே வந்தால் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை. நம் ஆட்கள் பலர் ரிப்போர்ட் வாங்கவும், வார்டில் கிடக்கும் சொந்தக்காரரைப் பார்க்கவும் போய்வரும் இடம்தான். அதே வளாகத்தின் ஆய்வுக்கூடங்களில் பல ஆண்டுகளாக ஒரு செல் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதன் முழுப்பெயர் கே562-எம்பி15-41பிபிஎல். வாயில் நுழையாத இந்தப் பெயர் மூன்று துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. சிங்கப்பூரின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பெருமையில் கணிசமான பங்கு இந்தச் செல்லுக்கு உண்டு. ஆனால் அது பிறந்தது இங்கே இல்லை.

முதல் துண்டு, கே562. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நாக்ஸ்வில் நகரம். அங்கே 53 வயதுப் பெண் ஒருவர் நாட்பட்ட ரத்தப் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். அவருடைய நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்திருந்த நீரை எடுத்து, அதிலிருந்த செல்களைக் குடுவையில் வளர்த்துப் பார்த்தார்கள் கார்மென் லோசியோ, பிஸ்மார்க் லோசியோ என்ற இரு ஆய்வாளர்கள். பொதுவாக நோயாளியிடமிருந்து எடுத்த செல்கள் குடுவையில் சில நாளில் செத்துப்போகும். இவை சாகவில்லை, பெருகிக்கொண்டே போயின. 1975-இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் செல்கள் அனுப்பப்பட, உலகத்து ஆய்வுக்கூடங்கள் எல்லாவற்றிலும் கே562 குடியேறியது. அந்தப் பெண்ணின் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை.

அதே 1975-இல், கடலுக்கு அப்பால் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ரோல்ஃப் கீஸ்லிங் என்ற இளம் ஆய்வாளருக்கு ஒரு தொல்லை. புற்றுநோய்க்கு எதிராகத் தயார்செய்த எலிகளின் மண்ணீரல் செல்கள் புற்றுச் செல்களைக் கொல்கின்றனவா என்பதுதான் சோதனை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எந்தத் தயாரிப்பும் இல்லாத சாதாரண எலியின் செல்களையும் வைப்பார்கள். அவை சும்மா இருக்க வேண்டும். ஆனால் அவையும் கொன்றன. அந்தக் காலத்தில் பல ஆய்வுக்கூடங்களில் இதே விஷயம் கண்ணில் பட்டது. சோதனையில் வரும் இரைச்சல் என்று எண்ணைக் கழித்துவிட்டு மேலே போனார்கள். கீஸ்லிங்கும் ஈவா கிளைனும் ஹான்ஸ் விக்செல்லும் கழிக்கவில்லை. அமெரிக்காவில் ரொனால்ட் ஹெர்பர்மனும் கழிக்கவில்லை. முன்பயிற்சி இல்லாமலே கொல்லத் தெரிந்த ஒரு வெள்ளையணு இருக்கிறது என்று இரு குழுவும் ஒரே ஆண்டில் எழுதின. இயற்கைக் கொல்லி செல் என்ற பெயர் அப்போது வந்தது. சுருக்கமாக என்கே செல்.

மனித என்கே செல்லின் வேகத்தை அளக்க இரை ஒன்று வேண்டுமே? கே562-ஐப் போட்டுப் பார்த்தார்கள். மற்றப் புற்றுச் செல்களிடம் தயங்கிய என்கே செல், இதைக் கண்டால் நாலு மணி நேரத்துக்குள் பிய்த்துப் போட்டது. கதிரியக்கக் குரோமியம் ஏற்றிய கே562-ஐ என்கே செல்லோடு கலந்து, வெளியே கசிந்த குரோமியத்தை அளப்பது அன்று முதல் வழக்கமாகிவிட்டது.

ஏன் இதைமட்டும் இப்படி அடிக்கிறது? விடை கிடைக்கப் பத்தாண்டு ஆனது. ஸ்வீடனின் கிளாஸ் கேரே 1981-இல் தன் ஆய்வேட்டில் ஊகமாக எழுதியதை 1986-இல் எலிச் சோதனையில் நிறுவினார். நம் உடம்பின் கிட்டத்தட்ட எல்லாச் செல்லும் மேற்பரப்பில் எச்எல்ஏ என்ற புரதத்தை நீட்டிக்கொண்டிருக்கும். சிங்கப்பூரில் நாம் பையில் வைத்திருக்கும் ஐசி (அடையாள அட்டை) மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டி செல் என்ற மற்றொரு வெள்ளையணு அந்த ஐசியை வாங்கி, உள்ளே வைரஸின் துண்டு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று படித்துப் பார்க்கும். ஒட்டியிருந்தால் கொல்லும். இதைத் தெரிந்துகொண்ட வைரஸும் புற்றுநோயும் ஐசியையே ஒளித்துவிடுகின்றன. படிக்க ஒன்றுமில்லாத டி செல் தாண்டிப் போய்விடும். அங்கேதான் என்கே செல் வருகிறது. அது ஐசியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. இல்லையென்றால் தீர்ந்தது. கே562-இன் மேற்பரப்பில் எச்எல்ஏ கிடையாது.

ஐசி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் கை எது? அந்த ஏற்பியை எலியில் 1992-இல் வேய்ன் யோகோயாமா குழு அடையாளம் கண்டது. மனிதனின் ஏற்பி மரபணுக்கள் 1995-இல் பிடிபட்டன. கேஐஆர் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால் எலியின் ஏற்பியும் மனிதனின் ஏற்பியும் சொந்தமே இல்லாத இரு புரதக் குடும்பங்கள். ஒரே வேலைக்குப் பரிணாமம் இரண்டு தடவை தனித்தனியாக ஆள் எடுத்திருக்கிறது. இவை பெரும்பாலும் கொலையைத் தடுக்கும் ஏற்பிகள். கூடவே தூண்டும் ஏற்பிகளும் உண்டு. என்கேஜி2டி என்பது நோயுற்ற செல் மேற்பரப்பில் விரிக்கும் அபாயப் புரதங்களைப் பிடிக்கும். சிடி16 என்பது எதிரியின் மேல் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கும். தடுப்பதும் தூண்டுவதுமாக வரும் சமிக்ஞைகளைக் கூட்டிக் கழித்துத்தான் செல் முடிவெடுக்கிறது.

கேஐஆர் மரபணுக்கள் 19-ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. எச்எல்ஏ 6-ஆம் குரோமோசோமில். இரண்டும் தனித்தனியே பிள்ளைகளுக்குப் போகின்றன. அதனால் ஒருவரிடம் ஒரு கேஐஆர் இருக்கும், அது தேடும் எச்எல்ஏ இருக்காது. இன்னொன்று, எத்தனை கேஐஆர் மரபணு என்பதே ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலும் தடுப்பவையே இருக்கும் தொகுப்பை ஏ என்றும், தூண்டுபவை கூடுதலாக இருப்பதை பி என்றும் பிரிப்பார்கள். சீனர், ஜப்பானியரிடம் ஏ மிகுதி. இந்தியர்களிடம் பி தூக்கல். சிங்கப்பூர்ச் சீனர், மலாய்க்காரர், இந்தியரின் கேஐஆர் கணக்கை இங்குள்ள ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். அதே ஆண்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆர்.எம். பிச்சப்பனும் அமெரிக்காவில் பணியாற்றிய ராஜா ராஜலிங்கமும் சேர்ந்த குழு முள்ளுக் குறும்பர், காணிக்காரர், பரவர் ஆகிய மூன்று தென்னிந்தியச் சமூகங்களின் கேஐஆரை ஆராய்ந்து, பழங்காலக் குடிப்பெயர்ச்சியின் தடம் அதில் தெரிகிறது என்று எழுதியது. மூன்று இனமும் ஒரே புளோக்கில் குடியிருக்கும் ஊரில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. இத்தாலியின் பெருஜியாவில் 2002-இல் தெரிந்த சங்கதி இது: ரத்த மூலச்செல் மாற்றுச் சிகிச்சையில் கொடையாளியின் கேஐஆர் தேடும் எச்எல்ஏ நோயாளியிடம் இல்லாதபோது, கொடையாளியின் என்கே செல்கள் ஒருவகை ரத்தப் புற்றுநோய் திரும்ப வராமல் காக்கின்றன. முழுப் பொருத்தம் கிடைக்காத இந்தியக் குடும்பத்துக்கு, பாதி பொருந்தும் அப்பாவோ அம்மாவோகூட இதற்குப் போதும்.

சரி, அப்பாவின் என்கே செல்லை எடுத்துப் பிள்ளைக்கு ஏற்றலாம். ஆனால் ரத்தத்திலுள்ள லிம்ஃபோசைட்டுகளில் என்கே செல் பத்துச் சதவீதம் அளவுதான். குடுவையில் அது சுலபமாகப் பெருகாது. டி செல்தான் முந்திக்கொண்டு பெருகும். டென்னசியின் மறுகோடியில் மெம்பிஸ் நகரத்து செயின்ட் ஜூட் குழந்தைகள் மருத்துவமனையில் இத்தாலியரான டாரியோ கம்பானாவுக்கும் ஜப்பானிலிருந்து வந்த சிஹாயா இமாய்க்கும் இதுதான் தலைவலி. இங்கேதான் மிச்ச இரண்டு துண்டுகள் சேர்கின்றன. என்கே செல் உயிர்வாழ இன்டர்லூக்கின்-15 வேண்டும். அதைக் கரைசலில் ஊற்றாமல் செல்லின் சவ்விலேயே பதித்தார்கள். அது எம்பி15. பெருகத் தூண்டும் 4-1பிபி என்ற ஏற்பிக்குரிய பிடிமானத்தையும் பதித்தார்கள். அது 41பிபிஎல். இரண்டையும் பதித்தது எந்தச் செல்லில்? கே562-இல். ஐசி இல்லாததால் அது என்கே செல்லைத் தடுக்காது. டி செல்லையும் பெரிதாகக் கிளப்பிவிடாது.

வேலை நடக்கும் விதம் இது. கே562-எம்பி15-41பிபிஎல்லுக்குக் கதிர்வீச்சுக் கொடுத்துப் பெருகும் சக்தியைப் பறிப்பார்கள். கொடையாளியின் ரத்தச் செல்களோடு கலந்து, இளஞ்சிவப்பு ஊட்டக் கரைசலில் 37 டிகிரியில் வைப்பார்கள். இரண்டு மூன்று நாளில் மைக்ராஸ்கோப்பில் என்கே செல்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டிருப்பது தெரியும். செல்கள் அமிலத்தைக் கழித்துக் கழித்துக் கரைசல் மஞ்சளாக மாறும். புதுக் கரைசல் ஊற்ற வேண்டும். ஏழு நாளில் என்கே செல் சுமார் 20 மடங்கு ஆகியிருக்கும். வளர்த்துவிட்ட கே562 ஒன்றுகூட மிஞ்சாது. வளர்ந்தவை அதைத் தின்று தீர்த்திருக்கும். 2005-இல் இது வெளியானது.

இதே இருவர் அதற்கு முந்திய ஆண்டு இன்னொன்றும் செய்திருந்தார்கள். டி செல்லில் பொருத்துவதற்காக, சிடி19 என்ற புற்றுக்குறியைப் பிடிக்கும் செயற்கை ஏற்பியின் உள்வாலில் அதே 4-1பிபியைச் சேர்த்துத் தைத்தார்கள். அந்த ஏற்பி பென்சில்வேனியாவில் கார்ல் ஜூனின் கைக்குப் போய், 2012-இல் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமியைக் காப்பாற்றி, 2017-இல் கிம்ரியா என்ற மருந்தாக அமெரிக்க அங்கீகாரம் பெற்றது. யாருடைய ஏற்பி என்று செயின்ட் ஜூட் தரப்பும் பென்சில்வேனியா தரப்பும் கோர்ட்டுக்குப் போய், 2015-இல் சமரசமாயின. இப்படிச் செயற்கை ஏற்பி பொருத்திய டி செல்லை ஏற்றும் கார்ட்டி சிகிச்சையைச் செய்தித்தாள்கள் கொண்டாடும்போது கம்பானா பெயர் வருவது அபூர்வம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

கம்பானா 2010-களின் தொடக்கத்தில் கெண்ட் ரிட்ஜுக்கு வந்தார். நம்மூருக்கும் செயின்ட் ஜூடுக்கும் பழைய உறவு உண்டு. அங்கே பயிற்சி பெற்ற டாக்டர் ஆலன் இயோ, மலேசியாவும் சிங்கப்பூரும் சேர்ந்து நடத்திய மா-ஸ்போர் சிகிச்சைத் திட்டத்தில், பத்தாயிரம் செல்லில் ஒரு புற்றுச் செல் ஒளிந்திருந்தாலும் கண்டுபிடிக்கும் பரிசோதனையை முக்கியமாக்கினார். அத்தகைய பரிசோதனையின் ஒரு வடிவத்தை மெம்பிஸில் செம்மைப்படுத்தியவர்கள் கம்பானாவும் எலெய்ன் கூஸ்டன்-ஸ்மித்தும்தான்.

இங்கே வந்தபின் கம்பானா என்கே செல்லின் சொந்த ஏற்பிகளில் கைவைத்தார். என்கேஜி2டியின் உள்பகுதியை மாற்றி அதன் தூண்டலைக் கூட்டியது 2013-இல். என்கே செல்லின் சிடி16-ஐக் கழற்றி டி செல்லில் பொருத்தியது 2014-இல். எந்த ஆன்டிபாடி மருந்தைக் கொடுத்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு கொல்லும் டி செல். இரண்டும் அமெரிக்கக் கம்பெனிகள் வழியே நோயாளிகள் வரை போயின. இரண்டுமே இடையில் கைவிடப்பட்டன. பத்துக் குழந்தைகளுக்குப் பெற்றோரின் என்கே செல் கொடுத்து எல்லாரும் நோயின்றி இருந்ததாக 2010-இல் செயின்ட் ஜூடிலிருந்து வந்த முடிவு, பெரிய சோதனையில் நிலைக்கவில்லை. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஹெர்2 வகைப் புற்றுநோயாளிகளுக்கு டிராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்துடன் அவரவர் என்கே செல்லையே வளர்த்து ஏற்றியபோது பாதுகாப்பாக இருந்தது. கட்டி சுருங்கியது மிகச் சிலருக்குத்தான். என்கே செல் பெரும்பாலும் பாதுகாப்பான மருந்து என்றே தெரிகிறது. போதுமான மருந்தா என்பதுதான் கேள்வி. கம்பானாவின் என்கேஜி2டி ஏற்பியை எடுத்துப்போன என்கார்ட்டா கம்பெனி இப்போது புற்றுநோயை விட்டு லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயின் பக்கம் திரும்பியிருக்கிறது. அங்கேயும் செல் வளர்ப்பது கே562-இன் வாரிசில்தான்.

கெண்ட் ரிட்ஜின் பெரிய வெற்றி வேறு வழியில் வந்தது. டி செல்லே புற்றாகிவிடும் ஒரு ரத்தப் புற்றுநோய் உண்டு. அதன் குறி சிடி7. அந்தக் குறியைத் தேடிக் கொல்லும் டி செல் செய்தால் அதன் மேலும் சிடி7 இருக்கும். செய்த செல்கள் ஒன்றையொன்று கொன்றுகொள்ளும். கம்பானா குழு சிடி7 வெளியே வராமல் செல்லுக்குள்ளேயே பிடித்துவைக்கும் ஒரு புரதத்தைச் சேர்த்தது. 2024-இல் வந்த கட்டுரைப்படி, எந்த மருந்துக்கும் அடங்காத அல்லது திரும்பிவந்த நோயோடு இருந்த 17 பேருக்கு இந்தச் செல் ஏற்றப்பட்டது. ஒரு மாதத்துக்குள் 16 பேரிடம் புற்றுச் செல் இல்லை. மிச்சம் ஒளிந்திருக்கிறதா என்று பத்தாயிரத்தில் ஒன்றாகத் தேடிய பிறகு வந்த எண் அது.