பின்னே வரும் சக்கரம்

வண்டியை இழுக்கும் சக்கரத்துக்கும் திசை திருப்பும் சக்கரத்துக்கும் உலகத்தில் உள்ள மதிப்பு, இழுக்கப்பட்டுப் பின்னே உருண்டு வரும் சக்கரத்துக்கு என்றைக்கும் இருந்ததில்லை. அமெரிக்காவில், கட்டிலும் அடுப்பும் பாத்திரமும் குடிதண்ணீரும் அடங்கிய ஒரு முழுக் குடித்தனத்தையே மோட்டார் காரின் பின்னால் மாட்டி ஊர் ஊராக இழுத்துச் செல்லும் ட்ரெய்லர் வீடுகளின் சரித்திரத்தைப் படிக்கும்போது, அந்த வீட்டின் பாரம் அனைத்தையும் சுமக்கும் டயர்களின்மீது அதன் சொந்தக்காரர்களுக்குச் சிரத்தை பிறக்க எத்தனை காலம் பிடித்தது என்பதுதான் என் மனத்தில் முதலில் தைக்கிறது.

1919ஆம் ஆண்டில் புளோரிடா மாகாணத்துத் தாம்பா நகரில், காரிலேயே கூடாரமும் சமையல் சாமானும் ஏற்றிக்கொண்டு குளிர்காலம் கழிக்க வந்த பிரயாணிகள் ஒரு சங்கம் கண்டார்கள். ரேடியேட்டர் மூடியின்மேல் தகர டப்பா ஒன்றைப் பற்றவைத்துக்கொள்வது அவர்களுடைய அடையாளமாதலால், 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்தது. இக்கூட்டத்தாரிலும், இவர்களைப் பார்த்துக் கிளம்பிய மற்றவர்களிலும், கைவேலை தெரிந்தவர்கள் பழைய காரின் அச்சொன்றை எடுத்து, அதன்மேல் பலகையால் ஓர் அறை கட்டி, ட்ரெய்லர் என்று இழுத்துச் சென்றார்கள். அச்சு எந்தக் காருடையதோ அந்தக் காரின் டயரே அதற்கும் ஆயிற்று. காரிலே தேய்ந்து மொட்டையாகிப்போன டயருக்கும் ட்ரெய்லரில் இடமுண்டு என்று எண்ணியவர்கள் அநேகர். டெட்ராய்ட் பக்கத்தில் ஆர்தர் ஷெர்மன் என்னும் கிருமியியல் நிபுணர் தம் குடும்பத்துக்கென்று ஆரம்பித்த ட்ரெய்லர் கட்டும் வேலை, 'கவர்டு வேகன்' என்ற பெயரில் பெருந்தொழிலாக வளர்ந்து, 1936ஆம் ஆண்டு வாக்கில் அத்தொழிலில் முதன்மை பெற்றது. ஆகாய விமானம் கட்டிப் புகழ்பெற்ற கிளென் கர்ட்டிஸ் செய்த ட்ரெய்லரிலோ காற்றடைத்த டயர் ஒன்று படுக்கைவாட்டில் காருக்குள் வைக்கப்பட்டு, வண்டியையும் காரையும் இணைக்கும் மூட்டாகவே அமைந்தது. சாலையின் அதிர்ச்சியைக் காற்று தாங்கிக்கொள்ளும் என்ற உண்மையை இவ்வளவு அழகாகப் பயன்படுத்தியவர்கள் சிலரே என்பது என் கருத்து.

அந்த டயர்களின் ரப்பர் எங்கிருந்து வந்தது? ஒஹாயோ மாகாணத்து ஆக்ரன் நகரத்தில் குட்ரிச், குட்இயர், ஃபயர்ஸ்டோன் ஆகிய பெரிய தொழிற்சாலைகள் எழுந்து அவ்வூரை ரப்பர் தலைநகரமாக்கினவே தவிர, ரப்பர் மரம் அந்த மண்ணில் விளைவதன்று. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோன விதைகளின் சந்ததி இலங்கை வழியாகவும் சிங்கப்பூர் வழியாகவும் பரவி, மலாயாவின் காடுகளை வரிசை வரிசையான தோட்டங்களாக மாற்றிற்று. அத்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து, மரம் சீவி, மங்குகளில் சொட்டும் பாலைச் சேர்த்தவர்களில் பெரும்பாலோர் கங்காணிமார் அழைத்துச் சென்ற நம் தமிழ்க் குடும்பத்தார். புளோரிடாவின் வெயிலிலும் மிச்சிகனின் பனியிலும் உருண்ட சக்கரங்களில் அவர்களுடைய உழைப்பும் கலந்திருந்தது என்பதை நினைக்காமல் இந்தச் சரித்திரத்தை என்னால் சொல்லிச் செல்ல இயலவில்லை.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. தனக்கு வேண்டிய இயற்கை ரப்பரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் தென்கிழக்காசியாவிலிருந்தே பெற்றுவந்த அமெரிக்கா அதற்கு முன்பே விழித்துக்கொண்டு, யுத்த கால ரேஷனை சர்க்கரையிலோ காப்பியிலோ தொடங்காமல், அந்த ஜனவரியிலேயே டயரில் தொடங்கியிருந்தது. காருக்கு ஸ்டெப்னி உட்பட ஐந்து டயர்களுக்குமேல் வைத்திருப்பவர்கள் மிகுதியைச் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், டயர் தேயாதிருக்க மணிக்கு 35 மைலுக்குமேல் ஓட்டலாகாது என்றும் விதிகள் பிறந்தன. யுத்தத் தொழிற்சாலைகளின் அருகே தொழிலாளர் தங்குவதற்காக ஆயிரக்கணக்கான ட்ரெய்லர்களைச் சர்க்கார் வாங்கி வரிசையாக நிறுத்திற்று. உல்லாச யாத்திரை நின்று, சக்கரம் வைத்த வீடு நகராத வீடாயிற்று. ரேஷன் சீட்டுக்காக ஒரு நாட்டார் காத்திருந்த அதே காலத்தில், மரம் சீவிய தமிழர்களை ஜப்பானியர் தோட்டங்களிலிருந்து திரட்டிச் சயாம்-பர்மா ரயில் பாதை போட அனுப்பினார்கள். அந்தக் காடுகளிலிருந்து திரும்பாதவர் பல்லாயிரவர். ஒரே பண்டத்தின் இரு முனைகளில் நின்றவர்களுக்கு ஒரே யுத்தம் விதித்த விதி இவ்வளவு வேறுபட்டது.

யுத்தம் முடிந்தபின் செயற்கை ரப்பரும், 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுந்த நெடுஞ்சாலைகளும் சேர்ந்து ட்ரெய்லர் வாழ்வுக்குப் புத்துயிர் தந்தன. அலுமினியத் தகடு வேய்ந்த 'ஏர்ஸ்ட்ரீம்' வண்டிகளைக் கட்டிய வாலி பையம், 1959இல் நாற்பத்தொரு வண்டிகளைக் கேப் டவுனிலிருந்து புறப்படுவித்துக் கெய்ரோ வரையில் அழைத்துச் சென்றார். வண்டிகள் நீண்டு கனத்தன. ஓர் அச்சு இரண்டாயிற்று. இங்கேதான் பின்னே வரும் சக்கரத்தின் தனிக் குணம் வெளிப்பட்டது. இரண்டு அச்சு வண்டி குறுகலான இடத்தில் திரும்பும்போது, திசை திரும்பாத நான்கு டயர்களும் தரையில் பக்கவாட்டாக உராய்ந்து, பக்கச் சுவர் முறுக்குண்டு நெளிகிறது. காற்றுக் குறைந்த டயரோ சுற்றுக்குச் சுற்று மடங்கி விரிந்து உள்ளுக்குள் உஷ்ணத்தைச் சேர்த்துக்கொள்கிறது. ஓட்டுகிறவன் முன்னே காரில் இருப்பதால் பின்னால் நேரும் நலிவு அவனுக்குத் தெரிவதில்லை. டயர் வெடித்து, அதன் கிழிசல் சக்கரக் கூட்டைப் பிய்த்து வண்டியின் தளத்தையும் குழாய்களையும் சேதப்படுத்திய பிறகே அவன் அறிகிறான்.

இந்த அனுபவத்தின் விளைவாகக் காலக்கிரமத்தில் ட்ரெய்லருக்கென்றே உறுதியான பக்கச் சுவருடன் ஒரு தனி இனம் உண்டாகி, 'ஸ்பெஷல் ட்ரெய்லர்' என்பதன் முதலெழுத்துகளான 'எஸ்.டி.' அதன்மேல் பொறிக்கப்பட்டது. கார் டயரை ட்ரெய்லரில் மாட்டினால் அதன் பாரத் திறனை 1.10 ஆல் வகுத்துக் குறைத்தே கணக்கிட வேண்டும் என்று அமெரிக்க மத்திய சர்க்காரின் விதியும் வந்தது. டயரின் பக்கச் சுவரைக் கல்வெட்டுப் படிப்பதுபோல் படிக்கலாம். 225/75 ஆர் 15 என்னும் அளவில், 'லோடு ரேஞ்ச் இ' உடைய எஸ்.டி. டயர் 80 பவுண்டு காற்றழுத்தத்தில் 2,830 பவுண்டு பாரம் தாங்கும். 'இ' என்பது பத்து பிளைக்கு, அதாவது பத்து அடுக்குக்கு, சமம். பருத்தி நூலால் டயர் நெய்த நாளில் எத்தனை அடுக்குப் பருத்தி வைத்தார்களோ அதுவே வலிமையின் அளவாக இருந்தமையால், பருத்தி போய் ரேயானும் நைலானும் பாலியெஸ்டரும் வந்து, உண்மையான அடுக்குகள் இரண்டோ மூன்றோ ஆனபின்னும் அந்த எண்ணிக்கை சொல்வழக்கில் நிற்கிறது. 'ஆர்' என்பது 1946இல் பிரான்சு தேசத்து மிஷலின் கம்பெனி உரிமை பதிந்த ரேடியல் அமைப்பு. கார்கள் அதற்கு மாறி வெகுகாலம் கழித்தே ட்ரெய்லர்கள் மாறின. மணிக்கு 65 மைல் என்ற வேகத்தைப் பிரமாணமாகக் கொண்டே எஸ்.டி. டயர்களின் பார அட்டவணை நெடுங்காலம் வகுக்கப்பட்டு வந்தது. அதற்குமேல் விரையும் நெடுஞ்சாலைகளில் அந்த எல்லையை மறந்தவர்கள் பலர்.

லாரி டயர் ஓடித் தேய்கிறது. ட்ரெய்லர் டயரோ வருஷத்தில் பல மாதம் முற்றத்தில் நின்ற இடத்திலேயே நின்று, வெயிலிலும் ஓசோனிலும் வெடிப்புக் கண்டு முதுமையடைகிறது. பட்டன் ஆழமாக இருக்கும், உயிர் போயிருக்கும். ஆகையால் விவரம் தெரிந்தவர்கள் ஐந்தாறு வருஷங்களில் டயரை மாற்றுகிறார்கள். கடையில் புதிது என்று காட்டப்பட்டதையும் பக்கச் சுவரிலுள்ள தயாரிப்புத் தேதி பாராமல் ஏற்பதில்லை. 2000ஆம் ஆண்டு முதல் அந்தத் தேதி நான்கு இலக்கங்களில் இருக்கிறது: 2319 என்றால் 2019ஆம் வருஷத்தின் இருபத்துமூன்றாம் வாரம். அந்த இலக்கங்கள் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே முழுமையாகப் பொறிக்கப்படுவதால், அப்பக்கம் உட்புறமாக மாட்டப்பட்டிருந்தால், புறப்பாட்டுக்கு முந்திய மாலையில் வீட்டுக்காரர் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு, தம் வீட்டின் அடியிலேயே மல்லாந்து ஊர்ந்து சென்று, சக்கரம் சக்கரமாக அவற்றைப் படிக்கிறார்.