தசையில் ஒளிந்திருந்த பாஸ்பரஸ்

மாலை ஆறு மணிக்கு மேல் சிவகாசியில் ஏதாவது ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் பக்கம் சென்று பாருங்கள். பகலெல்லாம் அச்சகத்திலோ தீப்பெட்டி ஆலையிலோ நின்று வேலை செய்த இளைஞர்கள் அங்கே இரும்புத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். சுவரோரம் பெரிய டப்பாக்கள் இருக்கும். ஒன்றில் புரதத் தூள். மற்றொன்றில் கிரியேட்டின் என்னும் வெள்ளைத் தூள். இவற்றை உட்கொண்டால் களைத்த தசை விரைவில் தேறிவிடும் என்பது விற்பவர்கள் சொல்லும் சொல். ஒரு டப்பாவின் விலையோ பல நாள் கூலி. தூள் அந்த விலைக்குத் தகுமா என்று கேட்பது நியாயமே. விடை தேடப் புகுந்தால், சென்னையில் மருத்துவம் பயின்ற ஒருவரிடம் போய்ச் சேருவோம்.

முதலில் ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுங்கள். அதன் பக்கவாட்டில் பூசியிருக்கிறார்களே, அந்தப் பூச்சில் சிவப்புப் பாஸ்பரஸ் உண்டு. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தொழில் இது. அதே பாஸ்பரஸ், ஆக்சிஜனுடன் கூடிப் பாஸ்பேட் ஆக நம் தசைகளிலும் இருக்கிறது. (அதற்காக யாரும் தீப்பெட்டியைச் சுரண்டித் தின்ன வேண்டாம்!)

கிரியேட்டினைப் பிரெஞ்சு வேதியியலார் செவ்ரல் 1832-இல் இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தார். இறைச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வைத்தார். 1847-இல் ஜெர்மானியரான லீபிக், காட்டில் ஓடித் திரிந்த நரிகளின் தசையில், அடைத்து வளர்த்த நரியினுடையதைப் போல் பத்து மடங்கு கிரியேட்டின் இருப்பதாகக் கண்டார். உழைப்புக்கும் இப்பொருளுக்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் என்ன உறவு என்பது 80 ஆண்டுகள் புரியவில்லை. லீபிக்கின் பெயரைத் தாங்கி 1865-இல் ஒரு நிறுவனம் இறைச்சிச் சாற்றைக் காய்ச்சி உலகெங்கும் விற்றது. வலிமை தரும் என்று மக்கள் வாங்கிக் குடித்த அந்தச் சாற்றில் புரதமும் கொழுப்பும் அநேகமாக இல்லை என்பது பின்னர் தெரிந்தது. டப்பா வியாபாரம் இன்று நேற்றுத் தோன்றியதல்ல.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்தார். மூன்றாம் முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார் என்பதை மாணவர்கள் கவனிக்கவும். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர், காந்தியடிகளின் அறைகூவலைக் கேட்டுக் கதர் அறுவைச் சிகிச்சை அங்கி அணிந்தார். பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிலகாலம் உடற்கூறு கற்பித்துவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்றார். அங்கே மருத்துவமனையில் இரவுப் பணியாளாகக் கழிவுக் கலங்களைக் கழுவிப் பிழைத்தார். பின்னர் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் இடம் பெற்றார்.

1925-இல் இருவரும் பாஸ்பரஸை அளக்க ஒரு முறை வகுத்தனர். பாஸ்பேட் கரைசலில் மாலிப்டேட்டையும் ஓர் ஒடுக்கியையும் சேர்த்தால் நீல நிறம் எழும். நிறம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு பாஸ்பேட். இம்முறையைத் தசைச் சாற்றில் பயன்படுத்தியபோது ஒரு விசித்திரம் கண்டனர். நீலம் உடனே முழுமை பெறவில்லை. நிமிடங்கள் செல்லச் செல்ல ஆழ்ந்துகொண்டே போயிற்று. வேறொருவராயின் கருவியைக் குறைகூறி விட்டிருப்பார். இவர்களோ, பாஸ்பேட் வேறொரு பொருளோடு ஒட்டிக்கொண்டிருந்து அமிலத்தில் மெல்ல விடுபடுகிறது என்று கண்டுகொண்டனர். ஒட்டிக்கொண்டிருந்த பொருள் கிரியேட்டின்! 1927-இல் பாஸ்போகிரியேட்டின் உலகுக்கு அறிமுகமாயிற்று. அதே ஆண்டு இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் இப்பொருளை எட்டியிருந்தனர். பூனையின் தசையைத் தூண்டிச் சுருங்கச் செய்தபோது இது குறைந்தது. ஓய்வு கொடுத்தபோது மீண்டும் பெருகியது. தசை தேறுதல் என்பதன் ஒரு முகம் முதன்முறையாகக் கண்ணில் பட்டது.

அதுவரை லாக்டிக் அமிலமே தசைச் சுருக்கத்தின் மூலம் என்று நம்பியிருந்தனர். தசையின் நுண்ணிய வெப்ப மாறுதல்களை அளந்து 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்ற ஏ.வி.ஹில், தாம் சார்ந்திருந்த கொள்கை கவிழ்ந்ததைப் பின்னர் 'புரட்சி' என்றே தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டு ஒப்புக்கொண்டார். எவ்வளவு பெருந்தன்மை! ஆயினும் மறுநாள் வலிக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்ற பேச்சு உடற்பயிற்சிக் கூடங்களில் இன்றும் நின்றபாடில்லை.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஒருமுறை முழுமூச்சாகத் தூக்கினால் பாஸ்போகிரியேட்டின் சில விநாடிகளில் பெரும்பகுதி செலவாகிவிடும். சில நிமிட ஓய்வில் அநேகமாக நிரம்பிவிடும். 1992-இல் ஹாரிஸ் குழுவினர், நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் வரை கிரியேட்டின் சில நாட்கள் கொடுத்தால் தசையிலுள்ள சேமிப்பு உயர்வதைக் காட்டினர். அதனால் அடுத்தடுத்துத் தூக்கும் திறன் சிறிது கூடும். ஆனால் மறுநாள் மாடிப்படி இறங்க விடாத அந்த வலி வேறு. பழக்கமில்லாத பளுவை, குறிப்பாக இறக்கும்போது, தாங்கிய இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமே அது. 1902-இலேயே தியோடர் ஹாஃப் இதை ஊகித்திருந்தார். அந்தச் சேதம் ஆற நாட்கள் வேண்டும். அதில் கிரியேட்டினுக்குப் பங்கு உண்டா என்பதில் ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை.

புரதம் அவசியம்தான், அது டப்பாவிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. 49 ஆய்வுகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பளுப் பயிற்சியோடு கூடுதல் புரதம் உண்டவர்களுக்குச் சிறிதளவு பயன் இருந்ததென்றும், உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் மேலும் பயன் இல்லையென்றும் கூறுகிறது. பருப்பு வணிகத்துக்குப் பேர்போன விருதுநகரில் பொட்டுக்கடலைக்குப் பஞ்சமா? 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் உண்டு. முட்டை, மீன், பால் கிடைத்தால் இன்னும் நல்லது. அங்குள்ள மண்டிகளில் மூட்டை சுமப்பவர்கள் எந்தத் தூளைக் கரைத்துக் குடித்தார்கள்?

2024-இல் கேரள மருத்துவர்களின் குழு ஒன்று இந்தியச் சந்தையில் வாங்கிய 36 புரதத் தூள்களைச் சோதித்தது. அவற்றில் 25-இல் புரத அளவு, மேலே அச்சிட்டதோடு பொருந்தவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. லேபிளின் பளபளப்பு எப்படி வருகிறது என்பதைச் சிவகாசிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே ஆண்டு ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் புரதத் தூள்களைத் தவிர்க்கும்படி அறிவுறுத்தியது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் எந்தத் தூளையும் தொடலாகாது.

சுப்பாராவ் பின்னர் மருந்து ஆராய்ச்சியில் பெரும்பணி ஆற்றி, 1948-இல் அமெரிக்காவிலேயே காலமானார். உங்கள் கல்லூரியில் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடம் இருந்தால், பாஸ்பரஸ் அளக்கும் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். சோதனைக் குழாயில் நீலம் எழுவதை நேரில் பார்க்கலாம்.