ஊரறிய வாங்கிய வீடு

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நெதர்லாந்தின் வடக்கே, பிரீஸ்லாந்து மாகாணத்துக் கிராமத்தில் வீடு வாங்கப் போனவர், விலை பேசி முடித்த கையோடு குடிபோய்விட முடியாது. இன்னாருடைய வீடு, இன்ன இடத்தில் இருப்பது, இன்னாருக்கு இன்ன விலைக்குப் போகிறது என்று ஊரறிய மூன்று முறை அறிவிக்க வேண்டும். அதைக் கேட்டு விற்பவரின் இரத்த உறவினரோ, பங்காளியோ, பக்கத்து நிலக்காரரோ முன்வந்து, “அதே விலைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன்” என்று சொன்னால், பேரம் பேசியவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். பேசிய விலையில் ஒரு காசு கூடாது, குறையாது. வாங்குபவர் மட்டும் மாறுவார். இந்த உரிமைக்கு ‘நியார்’ என்று பெயர்.

யாரும் வராமல் மூன்று அறிவிப்பும் கடந்துவிட்டால் வீடு பேரம் பேசியவருக்கு உறுதி. பிறகு உறவுக்காரர் எவரும் வந்து வழக்காட இடமில்லை. இந்த அறிவிப்புகளை வட்டார நீதிமன்றங்கள் பேரேடுகளில் எழுதி வைத்தன. லேவார்டன் நகரில் உள்ள திரேசோர் ஆவணக்காப்பகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. ஒரு பண்ணைவீட்டுக்கு வடக்கே யார், தெற்கே யார், எத்தனை கில்டருக்கு விற்றது, யார் குறுக்கே வந்தார் என்று ஊரின் கதையையே அவற்றில் படிக்கலாம்.

அமைதியான டச்சுக் கிராமத்தில் ஒரு வீடு என்றதும், வாய்க்கால் ஓரம், வைக்கோல் கூரை, யாரும் தலையிடாத வாழ்க்கை என்றொரு படம் மனதில் எழும். வரலாறு காட்டும் படம் வேறு. அங்கே வீடு கைமாறுவது எந்தக் காலத்திலும் இருவருக்குள் முடிந்த காரியமாக இருந்ததில்லை. சாட்சியாகவோ, போட்டியாளனாகவோ, கடன் கொடுப்பவனாகவோ ஊர் எப்போதும் கூடவே நின்றிருக்கிறது.

பேரம் படிந்த நொடியிலிருந்தே இது தொடங்கிவிடும். வாங்குபவர் ஒரு சிறு நாணயத்தை அச்சாரமாகக் கொடுப்பார். ‘கடவுளின் காசு’ என்று அழைக்கப்பட்ட அந்தத் தொகை ஏழைகளுக்குப் போகும். அதன்பின் சாட்சிகளோடு உட்கார்ந்து மது அருந்துவார்கள். அந்தச் செலவும் விற்பனையின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டது. பத்துப் பேர் குடித்துவிட்டுப் போன பேரத்தை மறுநாள் நடக்கவே இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? மனம் மாறிப் பின்வாங்குகிறவர் கட்ட வேண்டிய தொகைக்கும் வழக்கம் இருந்தது.

ஆனால் வாய்ப்பேச்சும் மதுவும் சட்டத்துக்குப் போதவில்லை. அப்பகுதிகளை ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸ் 1529-இல் ஓர் ஆணை பிறப்பித்தார். சொத்து எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தின் முன்தான் அது கைமாற வேண்டும் என்றது அந்த ஆணை. கிராமத்து நீதிபதிகள் வானத்திலிருந்து வந்தவர்கள் அல்லர். அதே ஊரில் உழுதும் மாடு வளர்த்தும் வாழ்ந்தவர்கள். எந்த வீட்டின் மேல் யாருக்குக் கடன், எந்தச் சுவரைப் பற்றித் தகராறு என்பது அவர்களுக்குத் தெரியும். வில்லங்கச் சான்றிதழ் என்ற காகிதம் பிறப்பதற்கு முன் இவர்களே நடமாடும் வில்லங்கச் சான்றுகள்.

எழுத்து வந்த இடத்தில் வரியும் வந்து சேர்ந்தது. ஸ்பெயினோடு போர் நடந்துகொண்டிருந்த 1598-இல், ஹாலந்து மாகாணம் சொத்து விற்பனையின் மீது ‘நாற்பதாவது காசு’ என்ற வரியை விதித்தது. நாற்பதில் ஒரு பங்கு, அதாவது விலையில் 2.5 விழுக்காடு. பெயர்கள் மாறினாலும் அந்த வரியின் வாரிசு இன்றும் உயிரோடு இருக்கிறது. 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அது பல பத்தாண்டுகள் 6 விழுக்காடாக இருந்தது. 2011-இல் குடியிருக்கும் வீடுகளுக்கு 2 விழுக்காடாக இறங்கியது. 35 வயதுக்குட்பட்டவர்கள் தாம் குடியிருக்க வாங்கும் வீட்டுக்கு 2021 முதல் ஒரு முறை மட்டும் இந்த வரி இல்லை. வீட்டின் விலைக்கு மட்டும் ஒரு வரம்பு உண்டு.

வீட்டு விற்பனையை ஊரறிய அறிவிக்கும் பழக்கத்தைத் தமிழர்களும் ஒரு காலத்தில் அறிந்திருந்தார்கள். 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஒல்லாந்தர் எனப்பட்ட டச்சுக்காரர் ஆண்டனர். அங்கு நெடுங்காலம் வாழ்ந்த கிளாஸ் இசாக்ஸ் என்ற அதிகாரி, தமிழரின் வழக்கங்களைத் திரட்டி எழுதினார். உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்புக்கொண்ட அந்தத் தொகுப்பு 1707-இல் தேசவழமைச் சட்டமானது. காணி விற்க நினைப்பவர் உரித்தாளர், பங்காளர், காணியை ஈடு பிடித்திருக்கும் அயலவர் ஆகியோருக்கு முதலில் தெரிவிக்க வேண்டும் என்பது அந்த மண்ணின் பழைய வழக்கம். ஒல்லாந்தத் தளபதி பிளோம் அதன்மேல் ஒரு விதியைச் சேர்த்தார். விற்பவர் எந்தத் தேவாலயத்தைச் சேர்ந்தவரோ அங்கே, அடுத்தடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் விற்பனையை அறிவிக்க வேண்டும். முன்னுரிமை கோருவோர் அதற்குள் வந்துவிட வேண்டும். பிரீஸ்லாந்தில் நியார், யாழ்ப்பாணத்தில் தேசவழமை. பங்காளிக்கும் அயலவருக்கும் முதல் உரிமை என்ற எண்ணத்தை யாரும் யாரிடமும் கற்கவில்லை. இரு சமூகங்களிலும் அது முன்பே வேரூன்றியிருந்தது. ஒல்லாந்தர் கொண்டுபோய்ச் சேர்த்தது தேவாலய அறிவிப்பையும் ஏட்டையும்தான்.

நெதர்லாந்தில் ஊரின் சாட்சியம் இவ்வளவு தேவைப்பட்டதற்கு மண்ணும் ஒரு காரணம். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே, சான் ஆற்றங்கரையிலும் வாட்டர்லாந்திலும் நிலம் ஈரமான கரிமண். கனமான செங்கல் சுவர் அதில் அமிழ்ந்துவிடும். அதனால் அங்குள்ளவர்கள் இலேசான மரவீடுகளைக் கட்டினார்கள். மரவீட்டுக்கு ஒரு வசதி உண்டு, அதை இடம்பெயர்க்கலாம். சான் வட்டாரத்தில் வீட்டை விற்று, கழற்றி, நீர்வழியே வேறிடம் கொண்டுபோய் நிறுத்துவது பழகிப்போன வேலை. அப்படிப்பட்ட ஊரில், வாங்கியது வீட்டையா, மண்ணையா, இரண்டையுமா என்பதை நான்கு பேர் அறியச் சொல்லி வைப்பது நல்லது. இன்று சுற்றுலாப் பயணிகள் குவியும் சான்சே ஸ்கான்ஸ் என்ற குடியிருப்பும் இந்தப் பழக்கத்தின் நீட்சிதான். வட்டாரத்தில் இடிபட இருந்த பழைய மரவீடுகளை 1961 முதல் ஒவ்வொன்றாகப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினார்கள்.

வீட்டு விற்பனையின் உச்சக்கட்டம் சத்திரத்து ஏலம்.

செய்தித்தாளில் விளம்பரம் வரும், சுவரில் அறிவிப்பு ஒட்டப்படும். குறித்த மாலையில் ஊர்ச் சத்திரத்தில் கூட்டம் கூடும். பத்திரம் எழுதும் சட்ட அலுவலரான நொத்தாரிசு எழுந்து விற்பனை நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசிப்பார். முதல் சுற்றில் கேட்கும் விலை ஏறும். உதாரணமாக 1,000 கில்டரில் நின்றது என்று கொள்வோம். அந்த விலையைக் கேட்டவருக்கு வீடு உடனே கிடைத்துவிடாது. கேட்டதற்காக ஒரு சிறு சன்மானம் கிடைக்கும். ஓரிரு வாரம் கழித்து இரண்டாம் சுற்று. இப்போது நொத்தாரிசு 1,000-க்கு மேலே வெகு உயரத்தில் தொடங்கி விலையை இறக்கிக்கொண்டே வருவார். 1,500, 1,450, 1,400... யார் முதலில் “எனது!” என்று கத்துகிறாரோ வீடு அவருடையது. ஒருவரும் வாய் திறக்காமல் விலை 1,000-க்கு வந்துவிட்டால், முதல் சுற்றில் கேட்டவரே அதை ஏற்றாக வேண்டும்.

இந்த முறையில் மனித இயல்பைப் பற்றிய ஆழ்ந்த அறிவு இருக்கிறது. ஏறும் ஏலத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். இறங்கும் ஏலத்தில் தன் மனதை மட்டுமே கேட்க முடியும். ஒரு மூச்சு தாமதித்தால் வீடு போய்விடும். சன்மானத்தின் ஆசையில் கையில் காசே இல்லாதவர்களும் முதல் சுற்றில் துணிந்து கேட்பதுண்டு. இரண்டாம் சுற்றில் யாரும் கத்தாமல் போனால் வாங்க முடியாத வீடு அவர்கள் தலையில் விழும். தெற்கே சில பகுதிகளில் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, அது அணையும் நேரத்தில் கடைசியாகக் கேட்டவருக்கு என்று விற்றதும் உண்டு. ஏறி இறங்கும் ஏலமோ கடனில் மூழ்கிய வீடுகளை விற்கும்போது இன்றும் கையாளப்படுகிறது, சத்திரத்திலிருந்து இணையத்துக்கு மாறிவிட்ட போதிலும்.

1810-இல் நெப்போலியன் நெதர்லாந்தைத் தன் பேரரசோடு இணைத்துக்கொண்டார். பழைய கிராம நீதிமன்றங்களும் உறவினரின் முன்னுரிமையும் பிரெஞ்சுச் சட்டத்தின் முன் மறைந்தன. அவற்றின் இடத்தில் வந்தது அளவுச் சங்கிலி. நிலவரியைச் சரிசமமாகப் போட வேண்டுமானால் ஒவ்வொரு துண்டு நிலத்தையும் அளக்க வேண்டும் என்று தொடங்கிய வேலை, நெப்போலியன் வீழ்ந்த பிறகும் நிற்கவில்லை. 1832 அக்டோபர் 1 அன்று ‘கடாஸ்டர்’ என்ற நிலப்பதிவு நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் புல எண், வரைபடத்தில் இடம், ஏட்டில் உரிமையாளர் பெயர். ஊர்ப் பெரியவரின் நினைவில் இருந்தது அரசின் காகிதத்துக்கு வந்தது. ஆனாலும் ஊரறியும் தன்மை போகவில்லை. இன்றும் சில யூரோ கட்டினால், எந்த வீடு யாருடையது, அவர் என்ன விலைக்கு வாங்கினார் என்று எவரும் பார்க்கலாம். பத்திர மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பழகிய நாடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பணம் எங்கிருந்து வந்தது? நெடுங்காலம் வசதியான விவசாயியிடமிருந்தும் தேவாலயத்தின் தரும நிதியிலிருந்தும். பெரும்பாலும் நொத்தாரிசே இடையில் நின்று ஏற்பாடு செய்வார். 1896-இல் என்ஸ்கெடே அருகே லோன்னெகர் என்ற ஊரில், ஜெர்மானியர் ரைபைசன் காட்டிய வழியில் முதல் கிராமக் கடன் வங்கி தோன்றியது. பிரபந்த் பகுதியில் கெர்லாகுஸ் வான் டென் எல்சன் என்ற பாதிரியார் ஊர் ஊராக இதைப் பரப்பினார். வங்கிக்கு நட்டம் வந்தால் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் முழுச் சொத்தோடு பொறுப்பு. ஆகவே கடன் கேட்டவர் குடிப்பவரா, உழைப்பவரா, வாங்கப் போகும் வீடு அந்த விலை பெறுமா என்பதைத் தம் சொத்தையே பணயம் வைத்த அண்டை வீட்டார் முடிவு செய்தார்கள். இரக்கமற்ற முறை என்று தோன்றலாம். ஆனால் தாங்க முடியாத கடனில் யாரையும் தள்ளாத முறை. இத்தகைய வங்கிகளின் இரு கூட்டமைப்புகள் 1972-இல் இணைந்ததுதான் இன்றைய ராபோபேங்க்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சொந்த வீடு வாங்கும் வேகம் கூடியது. 1947-இல் நூற்றுக்கு 28 வீடுகளில்தான் சொந்தக்காரர்கள் குடியிருந்தார்கள். இன்று பாதிக்கும் மேல். 1978-க்குப் பின் விலை சரிந்து பலர் மூழ்கினார்கள், 2008-க்குப் பின் மீண்டும் சரிந்தது.

ஆனால் குரோனிங்கன் மாகாணத்துக் கிராமங்களுக்கு வந்த இடி சந்தையிலிருந்து வரவில்லை, தரைக்கு அடியிலிருந்து வந்தது. 1959-இல் கண்டறியப்பட்ட மாபெரும் எரிவாயு வயலைத் தோண்டத் தோண்ட மண் அசைந்தது. 2012 ஆகஸ்ட் 16 அன்று ஹௌசிங்கே என்ற சிற்றூரில் ரிக்டர் அளவில் 3.6 அதிர்வு. சுவர்கள் வெடித்தன, விற்க நினைத்தவருக்கு வாங்க ஆளில்லை. விற்றால்தான் நட்டம் தெரியும் என்ற எரிவாயு நிறுவனத்தின் வாதத்தை 2015-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. விற்காத வீட்டுக்கும் மதிப்பிழப்பு ஈடு தர வேண்டும் என்றது. 2023 அக்டோபர் 1 அன்று எரிவாயு எடுப்பது நின்றது. நாடே குளிர்காய்ந்த எரிவாயுவுக்கு இந்த அமைதியான கிராமங்கள் கொடுத்த விலை மிகப் பெரிது.

அண்மையில்தான் ஊர் பார்வையிலிருந்து விற்பனைப் போட்டி கொஞ்ச காலம் மறைந்திருந்தது. சத்திரத்தில் எல்லோரும் கேட்கக் கத்திய இடத்தில், மூடிய உறையில் விலை எழுதித் தரும் முறை வந்தது. மற்றவர் எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. தரகர் சொல்வதே வேதம். 2021-இல் விலை ஒரே ஆண்டில் சராசரியாக 15 விழுக்காடு ஏறியபோது இந்தக் குருட்டுப் போட்டியில் இளம் தம்பதிகள் சலித்துப் போனார்கள். கேட்கப்பட்ட ஒவ்வொரு விலையையும் நேரத்தோடு குறித்து வைத்து, விற்பனை முடிந்தபின் போட்டியிட்டவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று 2023 முதல் தரகர் சங்கங்கள் தம் உறுப்பினர்களுக்கு விதித்தன. அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட வீட்டு ஒதுக்கீட்டுச் சட்டம், விலை குறைந்த வீடுகளில் ஒரு பங்கை அந்த ஊரோடு தொடர்புள்ளவர்களுக்கு முன்னுரிமையாகத் தர உள்ளாட்சிகளை அனுமதித்தது. நெப்போலியன் காலத்தில் மறைந்த அயலவரின் முதல் உரிமை வேறு உருவில் திரும்பியிருக்கிறது.

இலங்கையில் முன்னுரிமை வழக்கம் முற்றிலும் போகவே இல்லை. 1947-ஆம் ஆண்டின் 59-ஆம் இலக்கச் சட்டம் அயலவரை நீக்கிவிட்டு, பங்காளருக்கும் உரித்தாளருக்கும் அந்த உரிமையை நிலைநிறுத்தியது. தேசவழமையைப் படிக்கும் சட்ட மாணவர்களும் வரலாற்று ஆய்வாளர்களும் லேவார்டன் ஏடுகளையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். ஒரே காலத்தில், ஒரே நாட்டு அதிகாரிகளின் கீழ், இரு கடற்கரைகளில் நடந்த அறிவிப்புகள் இவை. இரண்டையும் அருகருகே வைத்துத் தமிழில் ஒரு முழு நூல் எழுதப்பட வேண்டும்.