நூல்பந்தும் பின்னலாடை ஊரும்

திருப்பூரின் கதையைச் சொல்லும்போது பஞ்சு அரைவை, கதர், 1930களையொட்டி வந்த பனியன் எந்திரம், 1970களின் இறுதியில் திறந்த ஏற்றுமதி வாசல் என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறோம். அந்த எந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்ற கைகள் எங்கே பழகின என்று கேட்பதில்லை. ஏற்றுமதித் தையல் வளர்ந்த நாடுகளிலெல்லாம் முதலாளிகள் இதற்கு வைத்திருந்த விடை ஒன்றுதான்: பெண்ணுக்கு விரல் பிறவியிலேயே நயமானது. டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1981இல் இதை மறுத்து எழுதினார்கள். அந்த நயம் சிறுவயது முதல் வீட்டில் பழகி வந்தது. வீட்டில் பழகியதால் யாரும் அதைப் பயிற்சி என்று எண்ணவில்லை. எண்ணாததால் கூலியும் குறைந்தது. அவர்கள் சுட்டிக்காட்டியது தையலூசியை. தமிழ்நாட்டில் ஊசிக்கும் முன்னால் பந்து இருந்தது என்பது என் வாதம். சிறு பிள்ளையின் கண்ணையும் கையையும் இணைத்துப் பழக்கிய பந்தாட்டம் நெடுங்காலம் பெண்குழந்தைகளின் கல்வியாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது அவர்களிடமிருந்து இரண்டு முறை கைநழுவியது: முதலில் பள்ளி மைதானத்தில், பிறகு பனியன் கம்பெனியில்.

சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நற்றிணையின் 12ஆம் பாட்டில், காதலனோடு விடியலில் வீட்டை விட்டுப் புறப்படும் பெண் தன் சிலம்பையும் வரிந்து புனைந்த பந்தையும் விட்டுச் செல்ல எடுத்து வைக்கிறாள். அவற்றைப் பார்த்தால் தோழியர் நோவார்களே என்று கலங்குகிறாள். பாடியவர் கயமனார். சிறுமிப் பருவத்துக்கு அடையாளமாக ஒரு பொருளைக் காட்ட வேண்டியபோது அவருக்குப் பந்து கிடைத்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பந்தடித்துக்கொண்டே பாடும் கந்துகவரி அம்மானை வரிக்கும் ஊசல் வரிக்கும் நடுவே நிற்கிறது. மூன்றும் மகளிர் ஆட்டப் பாட்டுகள். பெருங்கதையில் பந்தடிப்பதற்கென்றே ஒரு காதை உண்டு. திருக்குற்றாலக் குறவஞ்சி வரை, அதாவது பதினெட்டாம் நூற்றாண்டு வரை, வசந்தவல்லியின் கையில் பந்து இருக்கிறது. அரசகுமாரனுக்கு வில்லும் வாளும் குதிரையும் பழக்கிய இலக்கியம் பந்தை மகளிடம்தான் கொடுத்தது.

இதையெல்லாம் சான்றாகக் கொள்ளலாமா என்று ஒருவர் கேட்கலாம். அந்தப் பெண்கள் அரண்மனைக்காரிகள், செல்வர் வீட்டுச் செல்விகள். அவர்கள் பந்தாடுவதை வருணித்த புலவர்களின் கண் பந்தின் மேல் இருந்ததைவிட உடம்பின் மேல் இருந்ததே அதிகம். குறவஞ்சியைப் பொறுத்தவரை இந்தக் குற்றச்சாட்டை மறுக்க முடியாது. ஆனால் வருணனையைக் கழித்துவிட்டாலும் ஒன்று மிஞ்சுகிறது: தாளம். கந்துகவரியின் நடை துள்ளுவதற்குக் காரணம் பந்து விழும் நேரமும் கை எழும் நேரமும் அதற்குள் இருப்பதுதான். பாட்டு ஆட்டத்தை நடத்துகிறது; அடி தவறினால் பாட்டும் அறுந்துபோகும். அரண்மனை ஏறாத பிள்ளைகளிடம் இதே முறை தட்டாங்கல்லில் இருந்தது. ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் கீழே கிடப்பதை அள்ளி, எறிந்ததையும் பிடிக்க வேண்டும். கூடவே எண்ணிக்கைப் பாட்டு. காசு செலவில்லாத இந்த ஆட்டம் சொல்லிக் கொடுத்ததும் பந்து சொல்லிக் கொடுத்ததும் ஒன்றே: வருவதைக் கண் முன்கூட்டியே அளந்து, கையை அந்த இடத்துக்கு உரிய நேரத்தில் கொண்டுபோய் வைப்பது.

சின்னஞ்சிறு குழந்தைக்கு இதைப் பழக்குவதில் பந்து எதனால் ஆனது என்பதே பாதி விஷயம். ஜெர்மனியில் 1837இல் தொடங்கி மழலையர் கல்விக்கு அடிபோட்ட ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல், குழந்தைக்குத் தர வேண்டிய முதல் பொருளாகத் தேர்ந்தது கம்பளி நூலால் பின்னிய ஆறு நிறப் பந்துகளை. பின்னலாடைக்காரர்கள் இதை ஒரு முறை நின்று கவனிக்கலாம். மரக்கோளமும் கனசதுரமும் அவர் வரிசையில் அதற்கு அடுத்துத்தான் வந்தன. மெத்தென்ற பந்து முகத்தில் பட்டால் வலிக்காது. வலிக்காததால் குழந்தை கண்ணை மூடாது. மூடாத கண்தான் பந்தைத் தொடரும். விரலை மடக்கினால் அது அமுங்கிக் கையில் தங்கும். நழுவினாலும் தெருக்கோடிக்கு ஓடாது. நம் ஊர்த் துணிப்பந்துக்கும் இந்தக் குணங்கள் எல்லாம் உண்டு. அதனால்தான் எதிரே நிற்பவர் மேலேயே பந்தை விட்டெறியும் பேய்ப்பந்து போன்ற ஆட்டம் பிள்ளைகளுக்குச் சாத்தியமானது. பிள்ளையார் பந்து என்ற ஆட்டத்தில் குறி அசையாமல் நிற்கும். பேய்ப்பந்தில் குறியே ஓடும். கல்லை அடுக்கி ஆடும் ஏழுகல்லில் அடுக்கையும் குறிபார்க்க வேண்டும், ஆளையும் குறிபார்க்க வேண்டும். யாரும் பாடத்திட்டம் போடாமலே எளியதிலிருந்து கடினத்துக்கு ஏறும் படிகள் அமைந்திருந்தன.

முதல் நழுவல் நல்ல நோக்கத்தோடு நடந்தது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களையும் கூடைப்பந்து, கைப்பந்து போன்ற ஆட்டங்களையும் தந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது பெரிய கொடை. ஆனால் தோல்பந்து பெரியது, கனமானது. மைதானம் வேண்டும், அணி வேண்டும், பள்ளி விட்ட பின் மாலை நேரமும் வேண்டும். இவற்றில் கடைசியது பெண்குழந்தைக்கு வீட்டில் கிடைக்கவில்லை. எறிபந்து பின்னாளில் பெண்களின் ஆட்டமாகப் பள்ளிகளில் பரவியது உண்மைதான். அதுவும் வளர்ந்த மாணவிகளுக்கு, ஐந்து வயதுக்கல்ல. தேவநேயப் பாவாணர் 1954இல் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ நூலை வெளியிட்டபோது ஆட்டங்களை ஆண்பால், பெண்பால், இருபால் என்று பகுத்தார். பேய்ப்பந்தும் பிள்ளையார் பந்தும் அதற்குள் சிறுவர் பக்கம் போய்விட்டன. சிறுமியரிடம் தட்டாங்கல் மிஞ்சியது. கயமனார் காலத்திலிருந்து பார்த்தால் இது முழுத் தலைகீழ்.

மிஞ்சிய தட்டாங்கல்லையும் கீழே வைக்கச் சொன்னது ஏற்றுமதிக் காலம். 1980களிலும் 90களிலும் ஆர்டர் பெருகியபோது, அதுவரை ஆண்களே உட்கார்ந்த தையல் எந்திரங்களுக்கு அருகே, டெய்லருக்குத் துணை நிற்கும் கைமடி வேலைக்கும் பிசிறு வெட்டவும் அடுக்கிக் கட்டவும் பிள்ளைகள் வந்து நின்றார்கள். 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தொழிற்சாலையில் வேலை கூடாது என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆனால் மின்விசை எந்திரம் வைத்த இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலை ஆனது. ஊரோ ஒரே தொழிலைச் சிறு சிறு யூனிட்டாகப் பிரித்து நடத்தியது. காட்டு வேலையும் ஆடு மேய்ப்பதும் குழந்தைகளுக்குப் புதியவையா என்று இங்கே ஒரு மறுப்பு எழும். புதியவை அல்ல, சுமையும் குறைவல்ல. ஆனால் ஆடு மேயும் நேரத்தில் மேய்ப்பவனுக்கு ஆடக் கல் கிடைக்கும். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லரின் வேகத்தோடு கட்டப்பட்ட கைமடிப் பிள்ளைக்கு ஷிப்டு முழுக்க அந்த இடைவெளி இல்லை. எறிந்து பிடித்துப் பழகிய கை அங்கே ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தது. பந்தாட்டம்தான் நல்ல தொழிலாளியை உருவாக்கியது என்று நான் சொல்லவில்லை. அதற்கு அளவுகோல் இல்லை. கைத்திறன் கற்றுக்கொடுத்தால் வருவது என்பதையும், கற்கும் வயதையே உற்பத்தி எடுத்துக்கொண்டது என்பதையும் மட்டுமே சொல்கிறேன்.

சட்டம், கண்காணிப்பு, வாங்குவோர் நிபந்தனை எல்லாம் சேர்ந்து பிள்ளைகளைக் கம்பெனியிலிருந்து பெரும்பாலும் வெளியே கொண்டுவந்துவிட்டன. வெளியே வந்தவர்களுக்கு ஆட்டம் திரும்பி வந்ததா என்பது வேறு கேள்வி. விளையாட்டுக் கோச்சிங் சென்டர்கள் இருக்கின்றனவே என்பார்கள். கட்டணமும் கொண்டுபோய் விடுகிற ஆளும் உள்ள வீட்டுக்கு இருக்கின்றன. ஒற்றை அறை லைன் வீட்டில், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பெற்றோரோடு வளரும் நான்கு வயதுப் பெண்ணுக்கு இல்லை. தமிழ் இன்னும் பிடிபடாத அந்தப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையோடு பந்தை உருட்டி, எறிந்து, பிடித்து ஆடலாம்; அதற்கு மொழி வேண்டாம், எண்ணிக்கைப் பாட்டு பின்னால் தானாக வரும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தொடக்கப் பள்ளியில் வகுப்புதோறும் விளையாட்டுப் பொருள் வேண்டும் என்கிறது. அந்தப் பொருளைத் தேடி இந்த ஊர் வெளியே போக வேண்டியதில்லை. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊரில் கட்டிங் மேசைக்கடியில் குவியும் பனியன் வேஸ்ட்டை எந்திரம் துடைக்க வாங்கிப் போகிறார்கள். இழுத்தால் நீண்டு, விட்டால் இறுகும் அந்தத் துணியைச் சுருட்டி நூலால் வரிந்தால் ஃப்ரோபெல் கேட்ட பந்து தயார். ஏற்றுமதியாளர்கள் ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் ஆண்டுக்கு ஒரு மூட்டை சுத்தமான துண்டுத்துணி கொடுக்கட்டும். பணியாளர்களுக்கு ஒரு நாள் பயிற்சியை மாவட்ட நிர்வாகம் ஏற்கட்டும். முதல் பந்தைப் பெண்குழந்தையின் கையில் கொடுக்கட்டும்.