சொரியாசிஸ் சிகிச்சையில் நோயாளி மனநிறைவு

சொரியாசிஸ் நோய்க்குப் பெறும் மருந்து, அதன் பலன், பக்கவிளைவு, செலவு, மருத்துவர் நடந்துகொள்ளும் முறை ஆகியவற்றைப் பற்றி நோயாளி கொள்ளும் மதிப்பீடே இங்கு மனநிறைவு எனப்படுகிறது. சித்த மருத்துவம் காளாஞ்சகப்படை என்று அழைக்கும் இந்நோய் தொற்றாது. நோயெதிர்ப்பு மண்டலக் கோளாறால், சுமார் ஒரு மாதத்தில் நடக்கவேண்டிய மேல்தோல் புதுப்பிப்பு சில நாள்களிலேயே நடந்து, தோல் தடித்துச் செதிலாக உதிர்கிறது. நோயைக் கட்டுக்குள் வைக்கலாம். அடியோடு நீக்க மருந்தில்லை. சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீள்வதால், நிறைவில்லாதவர் பாதியில் விட்டுவிடுகிறார்.

அளவீடு

மருத்துவர் பயன்படுத்தும் ‘பாசி’ மதிப்பெண் 1978-இல் உருவானது. சிவப்பு, தடிப்பு, செதில், படர்ந்த பரப்பு ஆகியவற்றைக் கொண்டு 0 முதல் 72 வரை நோயின் தீவிரத்தைக் கணிக்கிறது. நோயாளியின் பக்கத்தைக் கேட்க, பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஃபின்லே, கான் இருவரும் 1994-இல் ‘டிஎல்க்யூஐ’ வினாத்தாளை வெளியிட்டனர். கடந்த ஒரு வாரத்தில் இருந்த அரிப்பு, கூச்சம், உடை, வேலை, தாம்பத்தியம், சிகிச்சையின் தொல்லை முதலியவை பற்றி அதில் 10 கேள்விகள் உள்ளன. மொத்த மதிப்பெண் 30. பத்தைத் தாண்டினால் பாதிப்பு மிகப் பெரிது. முகத்திலோ உள்ளங்கையிலோ மட்டும் படை உள்ளவருக்குப் ‘பாசி’ குறைவாகவும் வேதனை மிகுதியாகவும் இருக்கக்கூடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

சிகிச்சையும் நிறைவும்

களிம்புகள் பிசுபிசுப்பதும் துணியில் கறைபடுவதும் நோயாளிகளைச் சலிப்படையச் செய்கின்றன. புறஊதாக் கதிர் சிகிச்சைக்கு வாரம் இரண்டு மூன்று முறை வரவேண்டியிருப்பதால், தினக்கூலிக்குச் செல்வோர் வருமானத்தை இழக்கின்றனர். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை விலை மலிவு. ஆனால் வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ளவேண்டும். தவறுதலாகத் தினமும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. உயிரியல் ஊசிமருந்துகள் படையைப் பெரிதும் போக்கினாலும் அவற்றின் விலை பலருக்கு எட்டுவதில்லை.

மருத்துவமனையின் நற்பெயர்

‘கைராசி டாக்டர்’ என்ற பெயர் வாய்வழியே பரவுகிறது. ஆனால் விரைவான பலன் எப்போதும் நல்ல சிகிச்சைக்குச் சான்றாகாது. ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ சில நாள்களில் தோலைத் தெளிவாக்கும். நிறுத்தியதும் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பலாம், சீழ்க்கொப்புள வகையாகவும் மாறலாம். அமெரிக்க மருத்துவ அறிஞர் அவெடிஸ் டோனபீடியன் 1966-இல் மருத்துவத் தரத்தை வசதிகள், செயல்முறை, விளைவு என மூன்றாகப் பிரித்தார். நோயாளி நேரடியாக உணர்வது பெரும்பாலும் செயல்முறையையே: காத்திருந்த நேரம், தொட்டுப் பார்த்த மருத்துவர், புரியும்படி சொன்ன விளக்கம். நோய் திரும்பக்கூடும் என்பதை முதல் நாளிலேயே சொல்லும் மருத்துவமனையில், அது திரும்பும்போதும் நம்பிக்கை குலைவதில்லை.

சமூகப் பின்னணி

தொற்றிவிடும் என்ற தவறான அச்சத்தால் சலூனிலும் பேருந்திலும் பெண் பார்க்கும் இடத்திலும் நோயாளிகள் ஒதுக்கப்படுகின்றனர். இந்த ஒதுக்கல் முடிவுக்கு வரவேண்டும் என்பதை வலியுறுத்தும் தீர்மானத்தை உலக சுகாதாரப் பேரவை 2014-இல் நிறைவேற்றியது. சொரியாசிஸ் தொற்றாத நாள்பட்ட நோய் என்பதையும் அது உறுதிப்படுத்தியது. இதை நோயாளியின் குடும்பத்தாருக்கும் எடுத்துச் சொல்வது சிகிச்சையின் ஒரு பகுதியே.